ஏரிக்கரைப் பூங்காவும் மலையின் கற்களும்: ஏற்காட்டுப் பயணக் குறிப்புகள்

வியாழன் இரவு, சேலம்

அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் மலையேறுவதற்கு முன்பே, வியாழக்கிழமையே அதைப் பார்த்துவிடுவது என்று வைத்துக்கொண்டோம். ஏற்காடு போகிறவர்கள் பெரும்பாலும் சேலத்தில் பஸ் மாறுவதோடு சரி. எனக்கு அது வருத்தம்தான். மலையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அடிவாரத்திலேயே கிடக்கிறது.

கூட வருபவர் என் பெரியப்பா. வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்லைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் கையால் தெரிந்தது. அவரோடு ஒருமுறை இந்த மலையைச் சுற்றிவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பெரியம்மா, "எனக்கு முட்டி வலிக்குது, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க சாமி" என்று புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் கட்டிக் கொடுத்துவிட்டு வாசலோடு நின்றுகொண்டார்.

மாவட்ட அருங்காட்சியகங்களின் வழக்கப்படி சிலை, செப்பு, கல், செடி, விலங்கு என்று எல்லாத் துறைக்கும் ஒரே கூரைதான். அவசரமாகப் பார்த்தால் அரை மணி நேரம். நாங்கள் மதியச் சாப்பாட்டை மறந்து நின்றது நடுகற்களுக்காக.

பழைய சேலம் மாவட்டம் மிகப் பெரியது. தருமபுரி 1965இல்தான் தனி மாவட்டமானது, நாமக்கல் 1997இல். இந்தப் பரப்பும் இதை ஒட்டிய செங்கம் பகுதியும் நடுகல்லுக்குப் பேர்போன நாடு. மாடு பிடித்துப் போக வந்தவர்களோடு மோதிச் செத்தவன், ஊரைக் காத்து விழுந்தவன், புலியோடு சண்டையிட்டு மாண்டவன் என்று ஒவ்வொரு கல்லும் ஒரு சாவைச் சொல்கிறது. இறந்தவனுக்குக் கல் தேடிப் போவது முதல் அதை நீராட்டி, நட்டு, படையல் வைத்து வாழ்த்துவது வரை ஒவ்வொரு படிக்கும் தொல்காப்பியம் பெயர் வைத்திருக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. கல்லூரியில் மனப்பாடம் செய்தபோது இது வெறும் பட்டியல். ஒரு கல்லுக்கு முன்னால் நிற்கும்போதுதான், முதல் படியே "காட்சி" என்று இருப்பது ஏன் என்று பிடிபட்டது. எந்தக் கல் என்று யாரோ மலையடிவாரத்தில் நடந்து தேடியிருக்கிறார்கள். கிடைத்ததை எடுக்கவில்லை, பொருத்தமானதைத் தேர்ந்திருக்கிறார்கள்.

பெரியப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "நல்ல கல்லுதான் எடுத்திருக்கான் கண்ணு. அடுக்கு அடுக்காப் பிரியற கல்லு. உளி வெச்சா நேராப் போகும்." வீரனின் முகம் தேய்ந்துபோயிருந்தது. இடுப்புக் குறுவாள் மட்டும் நேற்றுச் செதுக்கியதுபோல் இருந்தது.

சாயங்காலம் தட்டுவடை செட். சேலத்தில் இறங்கிவிட்டு இதைச் சாப்பிடாமல் போவது சரியல்ல. இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய காரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும், மேலே காரச் சட்னி, புதினாச் சட்னி. தள்ளுவண்டியோரம் நின்றபடியே பெரியப்பா இரண்டு தட்டு வாங்கினார். வீட்டில் சொல்ல வேண்டாம் என்றார். பெரியம்மா இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

வெள்ளி இரவு, ஏற்காடு

அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம். அடிவாரத்துச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் காற்று மாறிவிடுகிறது. கொண்டை ஊசி வளைவுகள் 20. ஒவ்வொன்றிலும் எண் பலகை உண்டு. பஸ்ஸில் பின்னால் இருந்த குழந்தைகள் ஒவ்வொரு எண்ணையும் கத்திச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். வளைவுக்கு வளைவு குரங்குகள், வீசப்பட்ட சிப்ஸ் பொட்டலங்களோடு. தயவுசெய்து குரங்குகளுக்கு எதையும் போடாதீர்கள். பஸ் வரும் சத்தம் கேட்டதுமே அவை குட்டிகளோடு சாலைக்கு நடுவில் வந்து உட்கார்வதைப் பார்த்தால் மனசு ஆறவில்லை.

பாதி மலையில் கீழே பார்த்தால் சேலத்துக்கு வடமேற்கே வெள்ளை வெளேரென்று குவியல்கள் தெரிகின்றன. அதுதான் வெள்ளைக்கல், மேக்னசைட். கரும்பச்சைப் பாறையின் விரிசல்களில் வெள்ளை நரம்பு பின்னினாற்போல ஓடும் என்று பெரியப்பா விரலால் காற்றில் வரைந்து காட்டினார். அதைச் சுட்டெடுத்துச் செய்யும் செங்கல்தான் எஃகு உருக்கும் உலைகளின் உள்சுவர். இரும்பு உருகும் சூட்டிலும் அது உருகாது. "கீழ பூரா அந்தக் கல்லு, மேல வந்தா முழுசா வேற கல்லு" என்றார். மலையை வெட்டிப் போட்ட சாலையோரத்தில் தெரிந்தது கருநீலமும் பச்சையும் கலந்த, எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும் பாறை. சார்னோகைட். சென்னையில் பல்லாவரத்துக் குன்றும் பரங்கிமலையும் இதே இனம். பல்லாவரம் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாளை மறுபடி வரும்.

அறையில் பையைப் போட்டுவிட்டு நேரே ஏரிக்குப் போனோம். கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டரில் இருக்கிறது இந்த ஊர். ஊட்டி ஏரி 1820களில் ஆங்கிலேய அதிகாரி சலிவன் வெட்டியது, கொடைக்கானல் ஏரி 1863இல் இன்னோர் ஆங்கிலேய அதிகாரி லெவிஞ்ச் கரை கட்டித் தேக்கியது. ஏற்காட்டு ஏரியோ தானாகவே அமைந்தது என்பது ஊர்க்காரர்களின் பெருமை. படகுத்துறைச் சீட்டுக் கிழிப்பவர் முதல் பஜ்ஜிக் கடை அண்ணன் வரை எல்லோரும் இதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்குப் போகிறார்கள். ஏரி பெரியதல்ல. நடுவில் ஒரு நீரூற்று. ஒரு பக்கம் தீவுபோல் நீண்ட நிலத்தில் மான் பூங்கா, அதற்கு ஒரு பாலம். மிதிபடகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள, கரையெல்லாம் சோளம் சுடும் புகை. மார்கழிக்கு முந்தைய வாரம் என்பதால் நான்கு மணிக்கே பனி இறங்கி நீரூற்றின் தலையை மறைத்துவிட்டது.

ஏரியை ஒட்டியே அண்ணா பூங்கா. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் பலர் இதைப் படம் எடுக்கும் இடமாக மட்டுமே வைத்திருக்கிறார்கள்.

மே மாதக் கோடை விழாவின்போதுதான் இந்தப் பூங்கா பத்திரிகைகளில் வரும். மலர்க் கண்காட்சி, பூவால் செய்த உருவங்கள், நிற்க இடமில்லாத கூட்டம். நாங்கள் பார்த்தது அதற்கு நேர்மாறான பூங்கா. பாதிப் பாத்திகள் கொத்திப் போட்டு வெறுமையாக இருந்தன. மீதியில் சால்வியாவும் டேலியாவும் பனியில் தலை கவிழ்ந்து நின்றன. ரோஜாக்கள் கவாத்து முடிந்து குச்சி குச்சியாக இருந்தன. எனக்கு இந்தக் கோலம் பிடித்திருந்தது. பூ இல்லாதபோதுதான் ஒரு பூங்காவின் வேலை கண்ணுக்குத் தெரியும். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஐந்தாறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எருவும் செம்மண்ணும் கலந்து தொட்டிகளில் நிரப்பும் வேலை இன்னொரு பக்கம்.

அவர்களில் ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். மலைக்கிராமத்துக்காரர். "இப்ப பாத்தா என்னங்க இருக்கு? மேக்கு வாங்க, கண்ணு கூசும்" என்றார். மே மாதம் பூக்க வேண்டுமென்றால் எந்தப் பூவுக்கு எப்போது நாற்று விட வேண்டும் என்று கணக்குச் சொன்னார். ஒரு பூ முன்னாடியே மலர்ந்துவிட்டால் விழா நாளில் பாத்தி மொட்டையாகிவிடும், பிந்தினால் வெறும் மொட்டு. மலையில் ஒரு வாரம் வெயில் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு தப்பும். ஆயிரக்கணக்கான செடிகளை ஒரே வாரத்தில் பூக்க வைப்பது எவ்வளவு பெரிய கைத்திறன் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. விழா மேடையில் இவர்களையும் நிறுத்திப் பெயர் சொல்ல வேண்டும். இதை நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

அவர்தான் அண்ணன் தம்பி கதையையும் சொன்னார். காஞ்சிபுரத்திலிருந்து அவர்கள் முன்னோர் மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டார்களாம். பெரியண்ணன் இந்தச் சேர்வராயன் மலைக்கு, நடுவண்ணன் பச்சைமலைக்கு, சின்னண்ணன் கொல்லிமலைக்கு. மூன்று மலைகளிலும் இருக்கும் மலையாளிப் பழங்குடிகள் அந்த மூவரின் வழி. (கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, இவர்கள் பேசுவது தமிழ்.) "மேல கோயிலுக்குப் போவீங்கள்ல? குனிஞ்சு போங்க, தலைல இடிக்கும்" என்று எச்சரித்தார்.

இருட்டுவதற்குள் கிளியூர் அருவியை எட்டிப் பார்த்தேன். படிகள் செங்குத்து, பெரியப்பாவை மேலேயே டீக்கடையில் உட்கார வைத்துவிட்டேன். ஏற்காட்டு ஏரி நிறைந்து வழியும் நீர்தான் இங்கே 300 அடி விழுகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு வந்ததால் தண்ணீர் நன்றாகவே இருந்தது. மேலே படகு விடும் அலங்கார நீர்தான் கீழே இப்படி இரைகிறது என்பதை நம்பச் சிறிது நேரம் ஆயிற்று.

சனி இரவு, ஏற்காடு

பயணத்தின் முக்கியமான நாள். காலை முழுவதும் தாவரவியல் தோட்டம்.

இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை 1960களிலிருந்து இங்கே நடத்திவரும் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இது. ஏரிக்கரைக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே இல்லை. வாசலில் ஒரு குடும்பம், "உள்ள என்ன இருக்கு?" என்று எங்களைக் கேட்டுவிட்டு, "செடிதான்" என்று பெரியப்பா சொன்னதும் திரும்பிப் போய்விட்டது. நான் ஓடிப்போய் அவர்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. உள்ளே இருப்பது அவ்வளவு.

முதலில் ஆர்க்கிட்டுகள். மரக்கிளையில் தொற்றி வளர்வதைப் பார்த்து நம் ஊரில் இதைப் புல்லுருவி என்று நினைப்பவர்கள் நிறைய. இரண்டும் வேறு. புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்தில் உட்கார இடம் மட்டும் கேட்கிறது. அதன் வேர் காற்றில் தொங்கும், அதன் மேல் வெள்ளையாகப் பஞ்சுபோல் ஓர் உறை. மழையும் பனியும் பட்டால் அந்த உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இன்று காலைப் பனியில் நனைந்திருந்த வேர்களில் வெள்ளை மறைந்து உள்ளிருக்கும் பச்சை தெரிந்தது. விதை இன்னும் வியப்பு. தூசியைவிடச் சற்றுப் பெரியது. முளைப்பதற்கான உணவு அதற்குள் கிடையாது. ஒரு பூஞ்சை வந்து சேர்ந்து ஊட்டினால்தான் முளைக்கும். ஒரு காயில் ஆயிரமாயிரம் விதை இருந்தும் காட்டில் இவை அரிதாவது இதனால்தான். மரத்தை வெட்டினால் போவது மரம் மட்டுமல்ல, அந்தக் கிளையும் பட்டையும் பூஞ்சையும் சேர்ந்த குடித்தனமே போகிறது.

கண்ணாடி வீட்டில் குடுவைத் தாவரம், நெபந்தஸ் காசியானா. மேகாலயா மலைகளுக்குச் சொந்தக்காரர். இந்தியாவில் இயற்கையாக வளரும் நெபந்தஸ் இது ஒன்றே. இலையின் நுனிதான் நீண்டு குடுவையாகிறது, அதற்கு மூடியும் உண்டு. விளிம்பில் தேன், உள்சுவர் வழுக்கல், அடியில் செரிக்கும் நீர். சத்தில்லாத மண்ணில் பிறந்ததால் தழைச்சத்தைப் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன்கள் உள்ளே பூச்சி இருக்கிறதா என்று தலையை நீட்டிப் பார்த்தார்கள், காவலாளி அதட்டும் வரை.

ஆனால் நான் தேடி வந்தது வேறொன்று. வெர்னோனியா சேர்வராயென்சிஸ். பெயரிலேயே மலை இருக்கிறது. சூரியகாந்தி, செவ்வந்தி, துலுக்கச் சாமந்தி குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் இது மரம்! நம் வரப்போரங்களில் ஊதாப் பூ பூத்துக் கிடக்குமே பூவாங்குறுந்தல், காய்ச்சலுக்குக் கஷாயம் வைப்போமே, அதை இதன் நெருங்கிய சொந்தமாகத்தான் தாவரவியலார் வைத்திருந்தார்கள். ஒரு சாண் செடியின் உறவுக்காரர் இங்கே ஆளை மீறி உயர்ந்து கிளைவிட்டு நிற்கிறார். சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுத்த கேம்பிள் பெயரிட்ட மரம். சேர்வராயன் மலைக்கே உரியது, மிக அரிது.

நான் அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். காப்பி எத்தியோப்பியாவிலிருந்து வந்தது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்தார். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியா. பூங்கா டேலியா மெக்சிகோ. எல்லோரும் வரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. இப்போது தோட்டங்களில் சிவந்து குலுங்கும் காப்பிப் பழத்தைப் பறித்துத்தான் இந்த மலையில் எத்தனையோ வீடுகளில் உலை கொதிக்கிறது. ஆனால் இந்த மலை மட்டுமே பெற்றெடுத்த மரத்தை ஏற்காட்டுக்கு வரும் ஆயிரம் பேரில் ஒருவராவது பார்த்துவிட்டுப் போக வேண்டாமா? அதன் படம் ஏரிக்கரையில் ஒரு பலகையில் இருந்தால்கூடப் போதும், தேடி வருவார்கள்.

தோட்டத்துக்குள்ளேயே மணிப்பாறை. சிறு கல்லால் தட்டினால் வெண்கலம்போல் ஒலிக்கிறது. பையன்கள் தட்டித் தட்டி ஓய்ந்த பிறகு பெரியப்பா போனார். ஒரு கூழாங்கல்லால் நான்கைந்து இடங்களில் மெல்லத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். "சுரங்கத்துல இதுதான் மொதப் பாடம். பாறையத் தட்டிப் பாரு. 'கிண்'ணுன்னா கெட்டி. 'பொத்'துன்னா உள்ள விரிசல், கிட்ட நிக்காத. இது முழுக்கல்லு. அடியிலயும் ரெண்டு மூணு எடத்துலதான் தாங்கி நிக்குது, அதான் அதிருது." கோயில் இசைத்தூண் பேசுவதும் இதே காரணத்தால்தான் என்றேன். "பின்னே, ஆசாரி தட்டாமயா கல்லு எடுத்திருப்பான்?" என்றார். வியாழக்கிழமை நடுகல் முன்னால் பார்த்த அதே முகம்.

மதியத்துக்கு மேல் ஹோலி டிரினிட்டி தேவாலயம். பல்லாவரம் இங்கேதான் வருகிறது.

ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆள். 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில், செம்மண் சரளைக் குழியில், ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதக் கை செதுக்கிய பழைய கற்காலக் கருவி. இந்த நாட்டில் மனிதன் எவ்வளவு பழையவன் என்ற ஆராய்ச்சியே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. தென்னிந்தியா முழுக்க ஆண்டுக்கணக்காக நடந்து கருவிகளைச் சேர்த்தவர், கடைசிக் காலத்தில் குடியமர்ந்தது ஏற்காட்டில். 1912இல் கொல்கத்தாவில் இறந்தார். நினைவுச் சின்னம் இந்தத் தேவாலயத்தில்.

அவர் மாமனாரும் நமக்கு வேண்டியவர். பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் பள்ளி நடத்தியவர், ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர், பிற்பாடு சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர், தினவர்த்தமானி இதழை நடத்தியவர், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவர். 1882இல் அவர் காலமானதும் இந்த ஏற்காட்டில்தான். மாமனார் சொலவடைகளைச் சேர்த்தார், மருமகன் கற்களைச் சேர்த்தார். இரண்டுமே சாதாரண சனங்கள் கையாண்டு விட்டுப்போனவை. தேவாலயத்தின் குளிர்ந்த வளாகத்தில் நின்று இதை விளக்கிச் சொன்னபோது பெரியப்பா கேட்டது ஒன்றுதான். "அந்தாளு இந்த மலைல கல்லு ஏதும் எடுக்கலையா?"

எடுத்தார். சேர்வராயன் மலையில் வழவழவென்று தேய்த்த புதிய கற்காலக் கோடரிகள் கிடைத்திருக்கின்றன. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, அவற்றை முதலில் சேகரித்தவர் ஃபூட் அல்ல என்பது. மலைமக்கள் நிலத்தில் உழும்போதோ கிளறும்போதோ கிடைத்த கோடரிகளை எடுத்துப் போய்ப் பிள்ளையார் கோயில்களில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். சாதாரணக் கல் அல்ல, யாரோ செய்தது என்று தெரிந்து பத்திரப்படுத்தியவர்கள் அவர்கள். ஃபூட்டின் தொகுப்பை 1904இல் சென்னை அரசு விலைக்கு வாங்கியது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இதை எழுதும்போது மணி பத்து, வெளியே பனி. மூன்று நாளாக மனதில் கூடிவந்ததைச் சொல்லிவிடுகிறேன். அண்ணா பூங்காவுக்குள், ஏரியைப் பார்த்தபடி, இரண்டே அறைகளில் இந்த மலைக்கென்று ஒரு சிறு அருங்காட்சியகம் வேண்டும். எழும்பூரிலிருந்து இந்த மலைக் கோடரிகள் நான்கைந்தை இரவலாகவாவது கொண்டுவந்து வைக்கலாம். ஒரு துண்டு சார்னோகைட், ஒரு துண்டு வெள்ளைக்கல், அலுமினியம் எடுக்கும் பாக்சைட் ஒரு துண்டு, தொட்டுப் பார்க்கும்படி. வெர்னோனியாவின் உலர்ந்த இலையும் பூவும். பெர்சிவல் திரட்டியதிலிருந்து மலையும் காடும் வரும் பழமொழிகள் ஒரு சுவர் நிறைய. காப்பிப் பழம் தோலுரிக்கும் பழைய கைமிஷின் ஒன்று. அண்ணன் தம்பி மூவர் கதை, அந்தப் பூங்கா அக்காவின் குரலிலேயே. மேயில் வரும் கூட்டத்தில் கால்வாசி உள்ளே நுழைந்தால்கூட எத்தனை பிள்ளைகள் பார்ப்பார்கள்!

ஞாயிறு இரவு, சேலம்

காலையில் சேர்வராயன் கோயில். 5,326 அடி, இந்த மலைத்தொடரின் உச்சிகளில் ஒன்று. ஆனால் கூம்பாக இல்லை, மேலே பரந்த சமவெளி, புல். அந்தத் தட்டையான தலைக்குக் காரணம் பாக்சைட் படிவம். யுகயுகமாக மழையில் கரைய வேண்டியதெல்லாம் கரைந்து அலுமினியச் சத்து மட்டும் கெட்டித்து மூடியாக உட்கார்ந்துவிட்டது. அதற்காக இந்த மலையைப் பல ஆண்டுகள் வெட்டியிருக்கிறார்கள். பெரியப்பா கைப்பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தட்டிவிட்டார்.

கோயில் ஒரு குகை. பூங்கா அக்கா சொன்னது சரி, குனிந்துதான் போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். குகை காவிரி வரை போகிறது என்பது நம்பிக்கை. மேயில் நடக்கும் திருவிழாவுக்குச் சுற்றுக் கிராமங்கள் எல்லாம் இங்கே கூடிவிடும். இன்று எங்களோடு ஒரு பத்துப் பேர்தான் இருந்தோம். வெளியே வந்ததும் காற்று தள்ளியது. பகோடா பாயின்ட்டும் லேடீஸ் சீட்டும் வழக்கமான இடங்கள்தான், பனியில் ஒன்றும் தெரியவில்லை, அதனால் அதிகம் எழுதவில்லை.

மலையில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போகச் சொன்னவர் பெரியப்பா. அடிவாரத்து ஏரி, சேர்வராயன் மலையில் பெய்யும் மழை வந்து சேரும் இடம். ஒரு காலத்தில் கருவேலமும் கழிவுமாகக் கிடந்ததை 2010 வாக்கில் சேலத்து மக்கள் குழு ஒன்று கையிலெடுத்துத் தூர்வாரியது. அள்ளிய மண்ணை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே குட்டித் தீவுகளாகக் குவித்து மரம் வைத்தார்கள். இப்போது அந்தத் தீவுகளில் நீர்க்காகமும் கொக்கும் நாரையும்.

"ஊர்க்காரங்க காசு போட்டு, மண்ணு சுமந்து செஞ்சது" என்றார் பெரியப்பா. நேற்று இரவு நான் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டியிருந்தேன். "ரெண்டு ரூமுதானே கேக்கற? எழுதிப் போடு. கலெக்டருக்கும் ஒரு மனு எழுது, நானும் கையெழுத்துப் போடறேன். வெள்ளைக்கல்லு வேணும்னா எங்கிட்ட வீட்டுல இருக்கு, நல்ல துண்டா நாலு."

மனுவின் முதல் வரைவு தயார். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் எழுதுங்கள்.